மாசியில் அடித்த சுவர்

வெளிச்சுவருக்கு மாசி மாதம்தான் ஏற்றது என்று உத்திரமேரூர் பெயின்டர் தணிகாசலத்துக்குத் தெரியும். ஊருக்கோ பொங்கல்தான் கணக்கு. ஐப்பசி மழை குடித்த சுவர் காயும் முன்பே, மார்கழிப் பனியில் அவனை ஏணியில் ஏற்றிவிடுவார்கள். மாசியில் கூப்பிட ஆளிருக்காது. அப்போதுதான் தன் வீட்டுக்கு அடித்துக்கொள்வான்.

அடுத்த மழையில் ஊர்ச்சுவரெல்லாம் செதில் செதிலாக உரியும். அவன் வீடு மட்டும் அப்படியே நிற்கும்.

"உன் வூட்டுக்கு நல்ல பெயின்ட்டு, எங்களுக்கு இன்னா தண்ணியா?" என்று இந்த வருடமும் தெருவில் மடக்கினார், போன பொங்கலுக்குச் சுவர் அடித்துக்கொண்ட வெங்கடேசன். மாசி என்று இவன் வாயெடுத்தான். "கதையெல்லாம் வாணாம். பொங்கலுக்குள்ள மறுபடியும் அடிச்சிக் குடு."

வீட்டுக்கு வந்து புலம்பினான். மனைவி பவளம் நிமிராமலே சொன்னாள்: "நம்ம வூட்டுக்கும் மார்கழியிலயே அடிச்சிடுய்யா. இதுவும் உரியட்டும்."