சென்சாருக்கு வைத்த சந்தனம்

என் கணவர் இறந்த வருடம் எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. துக்கம் வரவில்லை என்றாலாவது பரவாயில்லை, கோபமும் வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுதான் பெரிய அதிசயம். பாடம் நடக்கும்போது பெஞ்சில் தாளம் போடுகிறவனைக் கடைசி வரிசைவரை தேடிப்போய்த் திட்டுகிற ஆள் நான்.

வைகாசியில் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் ஆலங்குளம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. அழக்கூடாது என்ற வைராக்கியம் ஒன்றுமில்லை, வரவில்லை, அவ்வளவுதான். துஷ்டிக்கு வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப் போனார்கள். "படிச்சவல்லா, அதான் கல்லு மாதிரி இருக்கா" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. படிப்புக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தென்காசியில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. வீடு குத்துக்கல்வலசையில். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் வேலைக்குப் போய்விட்டேன். ஒளி விலகலைச் சொல்லித்தர மனசு தேவைப்படவில்லை. கரும்பலகை, சாக்பீஸ், பழகிப்போன வாய், இவை போதுமாக இருந்தன.

அதற்கு முந்தின வருடம்தான் எங்கள் நிர்வாகம் ரோபோட்டிக்ஸ் லேப் ஒன்றைத் திறந்திருந்தது. இயற்பியல் என்றால் மின்சாரம், மின்சாரம் என்றால் ரோபோ என்று கணக்குப் போட்டு அதை என் தலையில் கட்டினார்கள். மோட்டார், சக்கரம், பேட்டரி, சர்க்யூட் போர்டு என்று பெட்டி பெட்டியாக வந்தன. வந்த வேகத்தில் கண்ணாடி பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. அட்மிஷனுக்கு வருகிற பெற்றோருக்குக் காட்டத்தான் அவை. பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகும் என்று தலைமையாசிரியை சாவியைத் தன் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தார். தொடாமல் எப்படி ரோபோ செய்வது என்று சண்டை போட்டு நான் அந்தச் சாவியை வாங்கியது என் கோபத்தின் பொற்காலத்தில்.

அந்த லேபில் என் மகளும் இருந்தாள். அவர் போன வருடம் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்ததும் நான் அவளுக்கு 'மிஸ்'. 'நீங்க, வாங்க' என்பாள். கேட்டைத் தாண்டி வெளியே வந்தால் 'அம்மா', 'நீ'. இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, எல்.கே.ஜி.யிலிருந்து அப்படியே பழகிவிட்டது. அவர் போனபிறகு வீட்டில் அவள் என்னை எதுவும் கூப்பிடுவதே குறைந்துவிட்டது. கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்க நேரமாகும். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கேஸை அணைத்துவிட்டு, துணியை எடுத்துத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஆடி முடிகிற சமயம், தோசை தின்றுகொண்டே கேட்டாள்.

"அத்த பாளையங்கோட்டைக்கு வந்துருன்னு சொல்லுதா. அங்க ஹாஸ்டலோட ஒரு ஸ்கூல்ல இடம் இருக்காம். அரையாண்டு லீவு முடிஞ்சு சேந்துக்கிடலாமாம். போகட்டா?"

"சரி" என்றேன்.

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "சரின்னா?"

"சரின்னா சரி. உன் இஷ்டம்."

அப்போது இதைப் பெருந்தன்மை என்றுகூட நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று உள்ளே எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டால், சத்தியமாகச் சொல்லவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும்தான் என்பது தெரியும். நாளைக்குக் காலையில் கரண்ட் இருக்காது என்று தெரிவது மாதிரித் தெரிந்தது.

என் கணவரின் அக்கா, அதாவது என் மதினி, அதற்குப் பிறகு ஓயாமல் போன் செய்தார். நல்ல மனுஷி. பிள்ளை அந்த வீட்டில் வாடிப்போகிறாள் என்கிற கவலை அவருக்கு. "ஏட்டி, நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு. நீ அனுப்புதேன்னு சொன்னாத்தான் நான் அந்த ஸ்கூல்ல போயிப் பேச முடியும்." அந்த ஒரு வார்த்தையும் எனக்கு வரவில்லை. "போட்டி முடியட்டும் மதினி" என்று தள்ளிப்போட்டேன். ஏன் தள்ளிப்போட்டேன் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

போட்டி என்றது பள்ளிகளுக்கு இடையிலான ரோபோ போட்டி. பூஜை விடுமுறை முடிந்த மறுநாள் குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் அணியில் என் மகளும் அவள் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரும். ஒரு சின்ன வண்டி. பிளைவுட் பலகைகளை நட்டுச் செய்த சந்துக்குள் அது தானாகவே போக வேண்டும், சுவர் வந்தால் மோதாமல் திரும்ப வேண்டும். வண்டியின் முகப்பில் இரண்டு வட்டக் கண்கள் மாதிரி ஒரு சென்சார் உண்டு. ஒரு கண் நமக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியை இன்னொரு கண் வாங்கும். திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துச் சுவர் எவ்வளவு தூரம் என்று வண்டிக்குத் தெரியும்.

மூன்று பேரும் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஒரு மோட்டார் மற்றதைவிடக் கொஞ்சம் வேகம், வண்டி எப்போதும் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். பையன்கள் சக்கரத்தைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி அலுத்துப்போனார்கள். அவள்தான் புரோகிராமில் அந்த மோட்டாரின் வேகத்தைத் துளித்துளியாகக் குறைத்துப் பார்த்து நேராக்கினாள். லேப் தரையில் நோட்டுப் புத்தகங்களை அடுக்கிச் சுவராக்கி ஓட்டினார்கள். வண்டி ஒவ்வொரு அடுக்கிலும் நின்று, யோசித்து, திரும்பியது. பையன்கள் கைதட்டினார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "குட்" என்றேன். பதில் தாளில் டிக் போடுகிற மாதிரி ஒரு குட்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பள்ளியில் லேபுக்குத் தனிப் பூஜை உண்டு. துக்கம் நடந்து வருடம் திரும்பாத வீட்டுக்காரர்கள் பூஜையில் நிற்பதில்லை. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த வருஷம் மட்டும் நீங்களும் பாப்பாவும் கொஞ்சம் ஒதுங்கி இருந்துக்கிடுங்க மிஸ். தப்பா எடுத்துக்கிடாதிய" என்றார். நான் தப்பாகவோ சரியாகவோ எடுத்துக்கொள்ளவில்லை. நானும் மகளும் வராந்தாவில் நின்றோம். உள்ளே மணி அடித்தது. பொரிகடலையைக் காகிதத்தில் மடித்து வெளியே கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் தின்னவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

உள்ளே பூஜையை நடத்தியது லேப் உதவியாளர் அண்ணாச்சி. தாராளமான கை அவருக்கு. ஸ்க்ரூடிரைவர், கம்ப்யூட்டர், மேஜை, சாலிடரிங் அயர்ன், ஒன்றையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார். பூஜையில் வைத்த பொருளை அது முடியும்வரை தொடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. லேபைப் பூட்டிவிட்டுப் போனோம். போட்டி அன்று காலையில் திறந்து, வண்டியைச் சாமி படத்துக்கு முன்னாலிருந்து அப்படியே எடுத்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

குற்றாலத்தில் விடுமுறைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற வாசனையும் தலைக்குத் தேய்த்த எண்ணெய் வாசனையுமாக இருந்தது. மண்டபத்துக்குள் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் மட்டும். ஆசிரியர்கள் இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும்.

எங்கள் முறை வந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது, வண்டி நகரவில்லை. பையன்களில் ஒருவன் பேட்டரியைக் கழற்றி மாட்டினான். நகரவில்லை. லேப்டாப்பை இணைத்துப் பார்த்தவள் கயிற்றுப் பக்கம் திரும்பினாள்.

"மிஸ், தூரம் ஜீரோன்னே காட்டுது. முன்னால ஒண்ணுமே இல்ல, ஆனா சுவரு ஒட்டி நிக்கிற மாதிரி நிக்கி."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வயர் சரியா பார், சென்சாரை மாற்று, எதையாவது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வண்டியைத் தூக்கி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"சந்தனம்லே" என்றாள் பையன்களிடம்.

பின்னால் அண்ணாச்சியிடம் கேட்டபோது அவர் வருத்தப்பட்டு, "நெத்தி எங்கன இருக்குன்னு தெரியல மிஸ். கண்ணுதான் இருந்துச்சு, ரெண்டுக்கும் வச்சேன்" என்றார். சந்தனம் சென்சார் கண்களின் கம்பி வலைக்குள் இறங்கி நன்றாகக் காய்ந்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தாள், பின்னூசியால் கிளறினாள். உதிர்ந்தது கொஞ்சம், உள்ளே போனது மிச்சம். மாற்றுச் சென்சார் பீரோவில் இருந்தது, பீரோ தென்காசியில் இருந்தது.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் லேப்டாப்பில் எதையோ அழித்தாள். "ஜீரோ வந்தா நிக்கச் சொல்லிருக்கோம்லா, அத எடுத்துட்டேன். போயிப் பாக்கட்டும்" என்று பையன்களிடம் சொன்னாள். வண்டி கிளம்பியது. நேராகப் போனது, துளிகூட இடதுபக்கம் இழுக்கவில்லை. முதல் சுவரில் முட்டியது. முட்டிய பிறகும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. நாற்காலியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வண்டியை நிறுத்த அவள் குனியவில்லை. விசில் ஊதியபிறகுதான் எடுத்தாள்.

பையன்கள் அருவியில் குளிக்கத் தங்கள் வீட்டாரோடு போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அட்டைப் பெட்டி அவள் கையில். கண்டிப்பாக அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அவளும் அழவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்குள் முதன்முதலாக ஏதோ பயம் மாதிரி வந்தது. இவளும் என்னைப் போலாகிவிட்டாளா என்ற பயம். பதினாலு வயதில் அந்த முகம் இருக்கக் கூடாது.

தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். மேலகரம் வந்தபோது என் போன் அடித்தது. மதினி. அவள் திரையைப் பார்த்தாள்.

"எடும்மா. போட்டிதான் முடிஞ்சிட்டுல்லா. சொல்லிரு."

நான் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

"நீ போகாத" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்?"

"தெரியல. எனக்கு உள்ள ஒண்ணுமே தோண மாட்டேங்கு. அப்பா போனதும் தோணல, நீ போறேன்னு சொன்னதும் தோணல. அதுக்காக நீ வேண்டாம்னு அர்த்தம் இல்லட்டி. நீ போகாத."

"நீ சரின்னு சொன்ன அன்னைக்கு நான் பாத்ரூம்ல போயி அழுதேன், தெரியுமா?" என்றாள். "நீ தடுப்பன்னு நெனச்சுத்தான் கேட்டேன். நீ சரின்னுட்ட."

எனக்குத் தெரியாது. அடுத்த அறையில்தான் இருந்தேன், எனக்குக் கேட்கவில்லை.

கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். அவள் பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கச் சொல்லு" என்றாள்.

"போகாத."

"இன்னொருக்க."

அந்த முறை எனக்குக் குரல் வரவில்லை. வாயசைத்தேன், காற்றுதான் வந்தது. அதற்குப் பிறகு என்னிடமிருந்து வந்த சத்தத்தை முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைகாசியிலிருந்து வராமல் இருந்த அழுகை மேலகரத்துக்கும் தென்காசிக்கும் நடுவில், டவுன் பஸ்ஸில் வந்தது. அவள் என் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"அத்தைட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றாள். "நீ அழு."