டாக்டரம்மாவின் இரண்டு தமிழ்

போன வாரம் வில்லியனூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். தெருப் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார், மூன்றாவது தடவை வண்டியையே ஓரங்கட்டிவிட்டார்.

"நீங்க டாக்டரம்மா பொண்ணுதான?"

ஆமாம் என்றேன். திரும்பி உட்கார்ந்து இடது புருவத்தை விரலால் நீவிக் காட்டினார். நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு.

"இது உங்கம்மா போட்ட தையலுங்க. நாலு வயசுல தேர்முட்டிகிட்ட உழுந்துட்டேன். அழுதா நூலு அந்து பூடும்னு சொன்னாங்க. அன்னிக்கி அடக்குனவன்தான், இன்னி வரிக்கும் பெரிசா அழுதது இல்ல."

எனக்கு இது பழகிவிட்டது. இந்த ஊரில் என்னைப் பார்ப்பவர்கள் நலம் விசாரிப்பதற்கு முன்னால் சட்டைக் கையை ஏற்றித் தழும்பைக் காட்டுவார்கள். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பேன், ஒரு பெண் தன் மகனை இழுத்து வந்து நிறுத்தி, "இவன் பொறந்தப்ப ஒண்ணேகால் கிலோ" என்பாள். மகன் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். நானும் சிரிப்பேன். அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. எல்லோரிடமும் அவளுடைய ஏதோ ஒன்று இருக்கிறது, என்னிடம்தான் காட்டுவதற்கு ஒரு தையல்கூட இல்லை. சின்ன வயதில் நானும் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். ஒழுங்காக விழத் தெரியவில்லை.

ஆகவே ஒரு நல்ல மகள் எழுதும் கட்டுரை என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்துவிடாதீர்கள். இதை எழுதுவது ஒரு பொறாமைக்காரி.

அம்மாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அப்பா பாகூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தவள், வில்லியனூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையிலேயே குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தாள். முதல் வாரம் நடந்ததை அப்பா சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அம்மா தன் ஊர் வழக்கப்படி, "பிள்ளைக்குக் காய்ச்சல் உண்டா?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தப் பெண் யோசித்து, "ஒரு இட்லி துன்னுச்சுங்க" என்றாளாம்.

அம்மா விடவில்லை. "இல்லம்மா, காய்ச்சல், காய்ச்சல்."

"காய்ச்சலாம் இல்லிங்க. ஜொரந்தான்."

அன்று சாயங்காலமே அம்மா ஒரு நோட்டு வாங்கினாள் என்பார் அப்பா. ஜொரம், வவுறு, துன்னுச்சு, எத்தினி, பூடுச்சு என்று கேட்டதையெல்லாம் எழுதிவைத்து மருந்துப் பெயர்களைப் போல மனப்பாடம் செய்திருக்கிறாள். எனக்கு நினைவு தெரிந்தபோது அவள் அந்த ஊர்க்காரியாகவே மாறியிருந்தாள். மாதா கோயில் பக்கத்திலிருந்து வருகிற அம்மாக்களும், நெட்டப்பாக்கம் பஸ்ஸில் இடுப்புக் குழந்தையோடு வந்திறங்குகிறவர்களும் அவளிடம் தயங்கியதே இல்லை. வேறு டாக்டரிடம் மறைப்பதையெல்லாம் இவளிடம் சொல்வார்கள். சோறு சிக்கினிச்சின்னு தொக்கம் எடுத்தோம், மந்திரிச்சோம், பக்கத்து வூட்டு மாத்திரைய பாதி ஒடச்சிக் குடுத்தோம், எல்லாம். அம்மா முகம் சுளிக்காமல், "செரி, இன்னா மாத்திரைம்மா அது? கலரு சொல்லு" என்பாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? வீட்டுக்கும் க்ளினிக்குக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். பழைய மருந்துக்கடைப் பக்கம் போனால் இப்போதும் அந்த வாசனை வருகிறது. குழந்தைகளுக்கான சிரப்பின் தித்திப்பு, ஸ்பிரிட், நடுவில் கொஞ்சம் மூத்திரம். அந்த வாசனைக்குள் உட்கார்ந்து அம்மா யார் யாரையோ "கண்ணு", "சாமி", "என் ராசாத்தி" என்று கொஞ்சுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இங்கே கூட்டல் கணக்கு தப்பாகும்.

சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும்போது அந்தத் தமிழை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருவாள். எங்களுக்கு நாகர்கோவில் தமிழ்தான். அதிலும் மூன்று கேள்விதான் மிச்சமிருக்கும். "சாப்பிட்டியா? எழுதியாச்சா? படுக்கலியா?" களைப்பில் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடும். இருந்த நல்ல தமிழையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு, தேய்ந்துபோனதை என்னிடம் கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். விடியும்போதே மொபெட்டை எடுத்துக்கொண்டு காட்டேரிக்குப்பம் வரை கிராமங்களுக்குப் போய்விடுவாள். எனக்குக் கோணலாகச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது கணக்கு வாத்தியார்தான்.

எட்டு வயதில் ஒரு காரியம் செய்தேன். க்ளினிக்கில் டோக்கன் கொடுப்பவர் ஆரோக்கியமேரி அக்கா. மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி எண் எழுதிவைத்திருப்பார். நான் வாசல் வழியாகச் சுற்றிப் போய்க் கை நீட்டினேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்தபடி இருபத்து மூன்றைக் கொடுத்தார். அழுகிற குழந்தைகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா கண்ணு செய்யுது?" என்றாள்.

"வவுறு வலிக்குது" என்றேன், நானும் அந்தத் தமிழில்.

மேஜைமேல் படுக்க வைத்தாள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு நெஞ்சில் வைத்தாள். "இங்கியா? இங்கியா?" என்று வயிற்றை அழுத்தி அழுத்திக் கேட்டாள். எதுவுமில்லை என்று முதல் அழுத்தலிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் பார்க்கிற அளவுக்குப் பார்த்தாள். பிறகு, "ஆரோக்கியம், பாப்பாக்கு ஒரு ஸ்பூனு ஓமத்தண்ணி குடு. அடுத்த ஆள வரச் சொல்லு" என்றாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்று நிமிஷம் இருக்குமா? அதை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன்.

நிஜமாகவே நோய் வந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷம் எனக்கு அம்மை போட்டது. உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், இப்போது அம்மா பக்கத்தில் இருந்துதானே ஆகவேண்டும் என்று. அம்மாவுக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை. அவளுக்குத் தொற்றினால் அவளிடம் வரும் பச்சைக் குழந்தைகளுக்குப் போய்விடும். பத்து நாள் அப்பாதான் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்பாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவள் செய்தது சரி என்று இன்று எனக்குத் தெரியும். அந்த ஒன்பது வயதுக்காரிக்கு அதை இன்னும் என்னால் புரியவைக்க முடியவில்லை.

அப்புறம் படிப்பு, சென்னையில் வேலை. போனிலும் அதே மூன்று கேள்விகள்தான். "எழுதியாச்சா" போய் "சம்பளம் வந்தாச்சா" வந்தது, அவ்வளவுதான் மாற்றம். நானும் அவளைப் போலவே அளந்து பேசினேன். பழிக்குப் பழி என்றுதான் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவள் படுத்த பிறகுதான் லீவு போட்டு வந்தேன். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ரத்தத்தில் உப்பு இறங்கினால் புத்தி தடுமாறும் என்று வந்து பார்த்த டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் உன் மகள் என்று சொன்னதும் பயந்துபோனாள். "அவ சின்னப் பிள்ளை. எட்டு வயசு" என்று அழப் பார்த்தாள். அதனால் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். என்னைத் தெரிந்ததாகவே இல்லை. ஆனால் முகம் மலர்ந்தது.

"இன்னாம்மா, இவ்ளோ நேரம் வெளியிலியே ஒக்காந்திருந்தியா?"

சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல். அவ்வளவு மெலிந்த உடம்புக்குள் அது அப்படியே இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

"புள்ளைக்கு இன்னா?"

"பொம்பளப் புள்ளதாங்க. எட்டு வயசு. எப்பப் பாத்தாலும் அழுவுது."

"ஜொரமா?"

"இல்லிங்க. அம்மாவத் தேடுது."

புருவத்தைச் சுருக்கினாள். "நீதான அம்மா? நீ எங்க பூட்ட?"

"வேலைக்கிப் போறங்க. வுட்டுட்டு வர முடியாத வேல."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"திட்டுறேன்னு நெனைக்காத. எனக்கும் ஒண்ணு இருக்குது. நான் காலைல வண்டி எடுக்கச்சே தூங்கினு இருக்கும். பக்கத்துல போயி ஒக்காந்துக்குவேன். வாயத் தொறந்துகினு தூங்கும். எழுப்புனா அழுவும், அப்பறம் என்னால போவ முடியாது. அதான் எழுப்ப மாட்டேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். பாக்காம போனதே இல்ல. அதுக்குத் தெரியாது."

"தெரியுங்க" என்றேன். "அதுக்குத் தெரியும்."

"அப்பிடியா?" என்று என்னையே பார்த்தாள். "அப்ப செரி. அடுத்த ஆள வரச் சொல்லு."

எழுந்து வெளியே வந்தேன். முன்னறையில் யாருமில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் அம்மா போய்விட்டாள்.

முன்னறையை இடித்து இப்போது யாரோ கட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கிறார்கள். அதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆட்டோக்காரரின் புருவத்தில் தையல் இருக்கிறது, ஊரெல்லாம் தழும்புகள் இருக்கின்றன. நான் தேடுவது வேறு. எட்டு வயதில் ஒரு விடிகாலையையாவது நினைவுக்குக் கொண்டுவர முடியுமா என்று படுக்கையில் கண்ணை மூடிப் பார்க்கிறேன். கட்டில் ஓரம் அவள் உட்காரும்போது தாழ்ந்திருக்கும். புடவை சரசரத்திருக்கும். தலையைத் தொட்டாளா, தொட்டால் விழித்துவிடுவேன் என்று கையை மடியிலேயே வைத்திருந்தாளா? எதுவும் வரவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷத்துக் காலைகளும் அவள் ஒருத்தியின் ஞாபகத்தில்தான் இருந்தன. இப்போது அவற்றை ஞாபகம் வைத்திருக்க யாருமில்லை.