மழித்த கன்னம்

எரிவாயுக் கிணறுகளுக்குப் போகிற பாதையின் வாசலில்தான் என் வீட்டுக்காரரின் சவரக்கடை. உள்ளே போகிற ஒவ்வொருவரும் பதினோரு வருடமாக அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறார்கள். கன்னத்தில் முடி இருந்தால் முகமூடி ஒட்டாது, விஷவாயு புகுந்துவிடும் என்பது கம்பெனி விதி. மனுஷர் வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டார். துண்டு துவைத்துக்கொண்டே அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

கம்பெனி வந்ததிலிருந்து எங்கள் தெருவில் அழுகிய முட்டை நாற்றம். அடிபம்பில் வருகிற தண்ணீரில் எண்ணெய் மினுங்கும். வாத்துகள் செத்து விழுந்தன. புகார் சொல்லப் போனால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று பாதுகாப்பு அதிகாரி சிரித்தே அனுப்பிவிடுவார்.

என் கொழுந்தனுக்கு அங்கே வால்வு திறந்து மூடுகிற வேலை. பத்து வயதிலிருந்து என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை குழாய் கசிந்தது. முகமூடி மாட்டியிருந்தும் செத்துப்போனான். தாடியோடு போனான், அதனால் முகமூடி ஒட்டவில்லை, தவறு அவனுடையதுதான் என்று அந்த அதிகாரி அறிக்கை எழுதினார். பிணவறையில் என் வீட்டுக்காரர் தம்பியின் கன்னத்தைத் தடவினார். வழவழவென்று இருந்தது. அன்று காலை மழித்துவிட்டதே அவர்தான்.

அவசரத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு முட்டாள்தனம் செய்தார்கள். சட்டை, செருப்போடு அந்த முகமூடியையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பட்டையில் அவன் பெயர் இருந்தது. விளிம்பு ரப்பர் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. வெளியே காட்டினால் பிடுங்கி மறைத்துவிடுவார்கள் என்று, என் வீட்டுக்காரர் அதைக் கடை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகும் தினமும் அந்த அதிகாரிக்குச் சவரம் செய்தார். எனக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்குச் சூடு சொரணை இருக்கா? அந்தக் கத்திய என் கையில குடுங்க" என்றேன்.

பொறு என்றார், அவ்வளவுதான்.

நாலாவது மாதம் அந்தச் சாவை விசாரிக்க வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்களும் உள்ளே போக வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்று. அவர்கள் காத்து நிற்க, அதிகாரி முதலில் உட்கார்ந்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் அவருக்கு இரண்டு முறை மழித்தார். பிறகு குழுத் தலைவரைக் கூப்பிட்டு அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தலைவர் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு முடிகூட இல்லை என்றார்.

இவர் இழுப்பறையைத் திறந்தார்.

"இது என் தம்பி மாட்டியிருந்தது சார். உங்களுக்குத்தான் தாடி இல்லையே. இத மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டு வாங்க."

அதிகாரி கையை நீட்டவில்லை.

"ரப்பர் வெடிச்சிருக்கேப்பா" என்றார்.

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தலைவர் எழுத ஆரம்பித்தார்.

அறிக்கையைத் திருத்தினார்கள். அதிகாரிக்கு வேலை போனது. நியாயம் கிடைத்துவிட்டது என்று தெருவே சொல்கிறது. எனக்கு ஆறவில்லை. அந்த ஆள் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும்.