மெர்வின் நின்ற மூலை

மெர்வின் லஸ்கமுக்கு பைக் ஓட்ட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, ஆள் பெரிய சூரன் போலிருக்கிறது என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பைக் கிளப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இங்கிலாந்தின் வடக்கு டெவனில் இருக்கும் அத்தனை சேற்றிலும் ஒரு முறையாவது விழுந்து பார்த்துவிட்டான். விழுந்தால் எழுந்திருக்க அவசரப்படவும் மாட்டான். மல்லாந்தபடியே, "எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?" என்று எங்களைக் கேட்பான்.

வாழ்நாள் முழுக்கப் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய பழக்கம் அது. கடைசிப் பிள்ளை ஏறி உட்காரும் வரை பஸ் நகராது. பின்னால் பால் லாரி ஹாரன் அடித்துக் கிழித்தாலும் நகராது. அந்த பஸ்ஸில் போய் வந்தவர்கள் பாதிப் பேர் இன்று எங்கள் ஊரில் குடும்பஸ்தர்கள். ஒருவர்கூட மெர்வினைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்லிக் கேட்டதில்லை. மெதுவான ஆள் என்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் முனையில் ஒரு பட்டறை. டிராக்டர், பைக் எல்லாம் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் கிளப் பைக்குகளை மண் தடங்களில் முன்னால் நின்று கூட்டிப்போவதும் நான்தான். போன வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் மெர்வின் பட்டறை வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"உங்க கிளப்புல சேரணும், நார்மன்."

"உனக்கா? முட்டி ரெண்டும் தேஞ்சுபோய் மாடிப்படி ஏற மாட்டேங்கற. இந்தச் சேறெல்லாம் உனக்கு எதுக்கப்பா?"

"லார்க்கம் தடத்தை மூடப் போறாங்களாமே."

"ஆமா, மூடப் பாக்கறாங்க. எங்க கிளப்புதான் எதுத்து நிக்குது. அதுக்கு?"

"அது மூடிட்டா பெரிலுக்கு வெயில் கெடையாது" என்றான்.

அன்றைக்கே அவனைச் சேர்த்துக்கொண்டேன். அவன் வீடு லார்க்கம் பள்ளத்தின் அடியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான மேடு. நவம்பர் பிறந்தால் பிப்ரவரி பாதி வரைக்கும் அந்த வீட்டு ஜன்னலில் ஒரு கீற்று வெயில் விழாது. மனைவி பெரிலுக்கு நுரையீரல் கெட்டுப்போய், வாசல் வரை நடந்தாலே மூச்சு வாங்கும். நான்கைந்து குளிர்காலங்களுக்கு முன்னால் அந்த இருட்டு அவளைப் பிடித்துக்கொண்டது. படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, பேசவில்லை, சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், வெளிச்சம் தரும் விளக்கு ஒன்று கொடுத்தார். எதுவும் எடுபடவில்லை.

அப்போதுதான் மெர்வின் எங்கிருந்தோ பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரத் தொட்டி வைத்த பழைய சைட்கார் பைக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். மூன்று சக்கரம் என்பதால் அவன்கூட அதில் விழமாட்டான். பெரிலை இரண்டு கம்பளியில் சுற்றி அதில் உட்காரவைத்து, லார்க்கம் தடத்தில் நடக்கிற வேகத்தில் மேலே ஏற்றினான். கார் அதில் போகாது, அகலம் போதாது. தார் ரோடு பள்ளத்தின் அடியிலேயே நிழலில் சுற்றிக்கொண்டு போய்விடும். மேட்டின் உச்சியில் மூன்று தடங்கள் பிரிகிற இடத்தில் ஒரு கேட், பக்கத்தில் ஒரு கல் சுவர். டிசம்பரிலும் அங்கே வெயில் இருக்கும். பெரில் பிளாஸ்கிலிருந்து டீ குடித்தாள். பிறகு அவன் காலைப் பார்த்து, "ரெண்டு காலுக்கும் வேற வேற சாக்ஸ் மாட்டிக்கிட்டு வந்திருக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று திட்டினாள். பல வாரத்துக்கு அப்புறம் அவள் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது. திட்டு வாங்கிக்கொண்டு அப்படி ஒரு சந்தோஷத்தோடு வீடு திரும்பிய புருஷன் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான்.

அன்றிலிருந்து வானம் தெளிந்த நாளெல்லாம் அவர்கள் மேலே போவார்கள். அந்தத் தடத்தைத்தான் மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிட வேண்டும் என்று உச்சியில் இருக்கும் அந்தக் கேட்டுக்குச் சொந்தக்காரரான மேட்டுப் பண்ணை மிஸஸ் வெஸ்டவே கவுன்சிலில் மனு கொடுத்திருந்தார்.

ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். மிஸஸ் வெஸ்டவேவுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும், அன்றைக்கு மூக்கையும் தாண்டிவிட்டது.

"ஞாயித்துக்கெழமை ஆச்சுன்னா என் கேட்டு தெறந்து கெடக்கு. இந்த பைக்காரனுங்க வந்துட்டுப் போனப்புறம்தான். ஆடெல்லாம் தார் ரோட்டுல எறங்கிடுது. போன மாசம் ஒண்ணு லாரியில மாட்டி செத்துச்சு. அதை ரோட்டுலேருந்து தூக்கிட்டு வந்தது யாரு? நான்! உங்கள்ல எவனாவது வந்தீங்களா?"

எங்கள் ஆட்கள் கேட்டை மூடாமல் போகமாட்டார்கள். மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் திறந்தபடி விடு, இதுதான் கிளப்பின் முதல் பாடம். நான் கத்துவதற்கு எழுந்தேன். மெர்வின் என் கோட்டைப் பிடித்து உட்காரவைத்தான்.

"அந்தம்மா ஆடு செத்திருக்கு, நார்மன். அதுக்கு மேல நாம கத்தறதா?"

புது வருஷத்தில் முடிவு சொல்கிறோம் என்று கவுன்சில்காரர் எழுந்து போய்விட்டார்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க மெர்வின் வேலை பார்த்ததைப் போல நாங்கள் யாரும் பார்க்கவில்லை. தடத்தின் ஓரக் கால்வாயில் அடைத்திருந்த சேற்றை வாரினான். சக்கரம் அறுத்த பள்ளங்களில் கல் நிரப்பினான். முள்ளை வெட்டி வெட்டி அவன் கை இரண்டும் பூனை பிராண்டியது போல இருந்தது. என்னிடம் சும்மா கிடந்த சின்ன பைக் ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். அவன் பின்னால் வந்தால் எங்கள் பையன்கள், "பஸ் வருது, எல்லாரும் சில்லறையா வச்சுக்கங்க!" என்று கத்துவார்கள். அவனும் நிறுத்தி, "டிக்கெட் எடுக்காதவன் எறங்கு" என்பான். இவனைக் கிளப்பில் சேர்த்துக்கொண்டது நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

எங்கள் ஓட்டத்தில் ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் ஒரு பிரிவுக்கு வந்தால், தனக்கு அடுத்து வருபவனை அந்த மூலையில் நிறுத்திவிட்டுப் போவான். மூலையில் நிற்பவன் பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி ஆள் வரும் வரை அவன் நகரக் கூடாது. கடைசி ஆள் யார் என்பது புறப்படும்போதே எல்லோருக்கும் தெரியும். இதனால் யாரும் வழி தவறிப்போவதில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. கடைசி ஆள் கிரஹாம். மேட்டு உச்சியில் மிஸஸ் வெஸ்டவே கேட்டுக்கு எதிரே, மூன்று தடம் பிரிகிற அதே இடத்தில், மெர்வினை நிறுத்திவிட்டு நான் கிழக்கே இறங்கினேன். கீழே ஓடையில் எல்லோரையும் எண்ணிப் பார்த்தபோது கிரஹாமும் இல்லை, மெர்வினும் இல்லை. கிரஹாமின் பைக் செயின் தொடக்கத்திலேயே அறுந்துவிட்டதாம். "மஞ்சக் கோட்டுப் போட்ட குண்டு ஆள் ஒருத்தர் அவன்கூட ஒக்காந்திருக்காரு" என்று தார் ரோடு வழியாக நடந்து வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சொன்னார். எங்கள் கூட்டத்தில் மஞ்சள் கோட்டுப் போட்ட குண்டு ஆள் மெர்வின்தான். யார் வண்டி நின்றாலும் கூட நிற்கிறவனும் அவன்தான். சரி, உதவப் போயிருக்கிறான் என்று நாங்கள் மதுக்கடைக்குப் போய், சூடாகக் கறி பேஸ்ட்ரி சாப்பிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

பொழுது சாயும் நேரத்தில் பட்டறையில் போன் அடித்தது. பெரில். அவர்கள் வீட்டில் இருக்கும் ஒரே செல்போனை மெர்வின் அவளிடம் விட்டுவிட்டுத்தான் எங்கும் போவான்.

"நார்மன், என் ஆளு எங்க?"

"கிரஹாம்கூட இருக்கான் பெரில்."

"கிரஹாமுக்கு போன் போட்டுட்டேன். அவன் எப்பவோ டிராக்டர்ல தொத்திக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டானாம். கூட ஒக்காந்திருந்தது அந்த டிராக்டர்காரனாம்."

வெளியே உறைபனி இறங்க ஆரம்பித்திருந்தது. எங்கே விழுந்து கிடக்கிறானோ, எந்தப் பள்ளத்தில் தேடுவது என்று வாய்க்கு வந்ததை உளறினேன். பெரில் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள்:

"சும்மா பொலம்பாத. நீ அவனை எங்க நிக்க வச்ச?"

"மேட்டுக் கேட்டுல..."

"அப்ப அங்கதான் நிப்பான். போய்க் கூட்டிட்டு வா."

நின்றுகொண்டுதான் இருந்தான். மூக்கு சிவந்து, கோட்டின் மேல் பனி பூத்து, ஒரு கையால் மேற்கிலிருந்து வரும் தடத்துக்குக் கிழக்கே வழி காட்டுகிற அதே நிலையில் நின்றான். இன்னொரு கையில் ஆவி பறக்கும் டீ. பக்கத்தில் மிஸஸ் வெஸ்டவே. அவர் கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் குண்டாக ஒரு பழுப்பு மட்டக்குதிரை.

"இந்த ஆளை நீதான் இங்க நிக்க வச்சியா?" என்றார்.

"ஆமாங்க மிஸஸ் வெஸ்டவே. மன்னிச்சுக்கங்க, நாங்க..."

"கொஞ்சம் வாயை மூடு, நான் பேசணும். மத்தியானமே வந்து எதுக்கு இங்க நிக்கறேன்னு கேட்டேன். நிக்கச் சொன்னாங்கன்னாரு. எவ்வளவு நேரம்னு கேட்டேன். கிரஹாம் வர்ற வரைக்கும்னாரு. கேட்டைத் தெறந்து விடத்தான் நிக்கறான், இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கறேன்னு ஜன்னல்கிட்ட பைனாகுலரோட ஒக்காந்தேன். சமையலக்கூட விட்டுட்டு ஒக்காந்தேன்."

"அப்புறம்?"

அந்த அம்மாள் குதிரையை ஒரு பார்வை பார்த்தார். அது எதுவும் அறியாதது போலக் காதை ஆட்டியது.

"இந்த டச்சஸ் இருக்காளே, இவ வந்தா. பல்லால கொக்கியத் தூக்கினா. நெஞ்சால கேட்டைத் தள்ளினா. நேரா இந்த ஆளோட கோட்டுப் பையில மூக்க விட்டா. அதுல ஆப்பிள் இருந்திருக்கு."

ஞாயிற்றுக்கிழமைதான் நடைக்காரர்கள் நிறைய வருவார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொரு ஆப்பிளைக் கேட்டுக்கு மேலாக நீட்டி அந்தக் குதிரையைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் போனதும் இது கேட்டைத் திறந்துகொண்டு அவர்கள் பின்னாலேயே போகும், அது பின்னால் ஆடுகள் போகும்.

"ஆடெல்லாம் வெளிய வரப் பாத்துச்சு. இவரு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, நொண்டி நொண்டி ஓடி, அத்தனையையும் உள்ள தள்ளி, கேட்டைச் சாத்தி, கொக்கியை ரெண்டு தரம் ஆட்டிப் பாத்தாரு. இவ திரும்பத் தெறந்தா. இவரு திரும்பச் சாத்தினாரு. பொழுதன்னிக்கும் இதேதான். ஆனா எப்பவும் ஓடிவந்து இதே எடத்துல நின்னுக்கிட்டாரு." அவர் குரல் சட்டென்று இறங்கியது. "எனக்கு ஜன்னல்ல ஒக்காந்திருக்கவே அவமானமாப் போச்சு. டீ போட்டு எடுத்துட்டு வந்தேன்."

நான் மெர்வினைப் பார்த்தேன். "வாடா, வீட்டுக்குப் போலாம். பெரில் காத்துக்கிட்டிருக்கா."

"நீ முன்னாடி போறவன் ஆச்சே. கடைசி ஆள் எங்க?" என்றான். சத்தியமாகக் கேட்கிறேன், இப்படி ஒருவனை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

"இன்னிக்கு நான்தான் கடைசி ஆள், மெர்வின். எனக்குப் பின்னாடி யாரும் இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் நீட்டியிருந்த கையைக் கீழே போட்டான்.

மறுநாளே மிஸஸ் வெஸ்டவே கவுன்சிலுக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். யாருடைய பேச்சையும் கேட்டுப் போகவில்லை, தானாகத்தான் போனார். கேட்டில் கொக்கிக்குப் பதிலாகச் சங்கிலி மாட்டினார். ஜனவரியில் ஊர் மன்றத்தில், அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, "ஞாயித்துக்கெழமை கேட்டைத் தெறந்தது என் குதிரை. தடம் தெறந்தே இருக்கட்டும்" என்றார். அப்படி எழுந்து நின்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அந்த அம்மாளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். முன்பு அவரைப் பற்றி மதுக்கடையில் பேசிய பேச்செல்லாம் என்னோடு மண்ணுக்குள் போகட்டும்.

அடுத்த ஞாயிறு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மெர்வின் சைட்காரில் பெரிலை ஏற்றிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் எல்லோரும் அவன் வேகத்திலேயே பின்னால் ஏறினோம். நான் கடைசி. உச்சியில் கல் சுவரை ஒட்டி, வெயில் நன்றாக விழும் இடத்தில், மிஸஸ் வெஸ்டவே வீட்டு அடுப்படி நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அதன் மேல் ஒரு மெத்தை. மழை வந்தால் நனையாமல் மூடி வைக்க ஒரு தார்ப்பாயும் இருந்தது. ஆளைக் காணோம். கேட்டுக்கு அந்தப் பக்கம் டச்சஸ் மட்டும் சங்கிலியை முறைத்துக்கொண்டிருந்தது.

பெரிலை அதில் உட்காரவைத்தோம். அவள் தொப்பியைக் கழற்றினாள். வெயில் அவள் முகத்தில் முழுசாக விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். இந்த மனுஷன் எங்கள் பட்டறை வாசலில் வந்து தொப்பியைக் கழற்றியதற்கு நாங்கள்தான் நன்றி சொல்ல வேண்டும், ஒரு நாளும் சொன்னதில்லை.

சற்றுப் பொறுத்து மெர்வின் குனிந்து, "குளுருதா? போலாமா?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"இரு, இரு. நான் நிக்கறேன்" என்றான் மெர்வின்.

நாங்கள் எல்லோரும் இன்ஜினை அணைத்துவிட்டு அவனோடு நின்றோம்.