போத்தலில் சிரித்த அப்பா

நான் எட்டாம் ஆண்டு வரைதான் படித்தவன். எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. சித்திரப் பாடத்தில் நான் வரைந்த மாட்டைப் பார்த்து வாத்தியார் ஒருநாள், "கதிரை நல்லா இருக்கு" என்றார். நாலு காலைப் பார்த்து நாற்காலி என்று நினைத்துவிட்டார். அன்றைக்கே பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அதனால் வந்த வினை இது.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறைதான் எங்கள் லயத்துக் காம்பரா, சின்னது. சமைப்பது, படுப்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் அதற்குள்தான். அதற்குள்ளேயே மூன்று போத்தல்களும் இருந்தன. தண்ணீர் வாங்கின பிளாஸ்டிக் போத்தலில் அடுப்புக்கு மண்ணெண்ணெய். இன்னொன்றில் கக்கூஸ் கழுவுகிற மருந்து. மூன்றாவது பழைய இருமல் பாணிப் போத்தல், அதில் முட்டைக்கோவாச் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்து. மூன்றையும் சுவர் உச்சியில், தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தோம். எடுக்க நானே ஸ்டூல் போட்டு ஏற வேண்டும்.

மூத்த மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பித்தாள்.

"அப்பா, நஞ்சு இருக்கிற போத்தல்ல எல்லாம் மண்டையோடு படம் போடணும்னு டீச்சர் சொன்னாங்க. அப்புறம்..."

"நான் வரையுறேன்" என்று பேனாவைத் தேடப் போய்விட்டேன். அப்புறம் என்ன என்று கேட்கவே இல்லை.

மூன்று தாள் துண்டில் வரைந்து, சோற்றுப் பசையால் ஒட்டினேன். கண்ணுக்கு இரண்டு குழி போட்டேன். பல் வரிசையில் முன்பல் ஒன்று விடுபட்டுப் போனது. மண்டையோட்டுக்குக் காது கிடையாது என்று மூத்தவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் ஆறு காதும் வரைந்து முடித்துவிட்டேன்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த என் மனைவி உற்றுப் பார்த்தாள்.

"யாருங்க இது, இப்புடி சிரிக்கிறாரு?"

"மண்டையோடு."

"ஒங்க மூஞ்சிதான். பல்லுகூட அதே எடத்துல இல்ல."

மூன்று வயதுச் சின்னவள் படத்தைத் தடவி, "அப்பா" என்றாள். எல்லாரும் சிரித்தோம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. படம்தான் காவல் இருக்கிறதே, இனி ஸ்டூல் எதற்கு என்று மூன்று போத்தலையும் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அந்தப் புத்திசாலித்தனம் முழுக்க என்னுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி அன்றைக்கே கையில் தரும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். மூத்தவள் மலைத் தண்ணீர் விழும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சின்னவளைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நான் பின்பக்கம் கோவாப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால், வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் மூன்று போத்தலும் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிரட்டை. நாலாவது சிரட்டை சின்னவள் கையில். மண்ணெண்ணெய் இருந்த தண்ணீர்ப் போத்தலுக்கு மூடி இல்லை. அவள் கவுன் முன்பக்கம் நனைந்து, மண்ணெண்ணெய் நாறுகிறது.

"என்னம்மா செய்யிற?"

"அப்பாவுக்குத் தேத்தண்ணி."

அவள் கையிலிருந்த சிரட்டையைப் பிடுங்கினேன்.

"நீ குடிச்சியா?"

"ம்."

"கொஞ்சமா, நெறையவா?"

"ம்."

என் சத்தம் கேட்டு மூத்தவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "அவகிட்ட எதக் கேட்டாலும் ம்தான்பா சொல்லுவா. பாப்பா, நீ யானை முட்டை சாப்பிட்டியா?"

"ம்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். குடித்தாளா இல்லையா, அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவளோ யானை முட்டை சாப்பிட்டவள்.

அடுத்த காம்பரா அக்கா உப்புத் தண்ணியோடு வந்தார். "தம்பி, இதக் குடுத்து, தொண்டையில வெரல விட்டு வாந்தி எடுக்க வைங்க."

நான் விரலை நீட்டிவிட்டேன். மூத்தவள் என் கையை எட்டிப் பிடித்தாள்.

"வேணாம்பா. மண்ணெண்ணெய்க்கு வாந்தி எடுக்க வைக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

"ஒங்க டீச்சர் எத்தன புள்ள வளத்திருக்கா?" என்றார் அக்கா.

"அவங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அத்தை. ஆனா வாசிச்சிருக்காங்க."

சொல்லிக்கொண்டே தங்கச்சியின் கவுனைக் கழற்றி, சவுக்காரம் போட்டு உடம்பைக் கழுவி, துவாயால் சுற்றினாள். "போத்தலயும் எடுங்கப்பா, டாக்டர் கேப்பாரு." வேறு எதையும் திறந்தாளோ தெரியாது, மூன்றையும் மூடி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னவளின் வாயை மோந்து பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பாதி சிங்களம் பாதி தமிழில் பேசினார். "வாந்தி எடுக்க வைக்காதது நல்லது. மேல வரும்போது நெஞ்சுக்குள்ள போயிரும். வாயில வாசம் இல்ல. ஆனா பின்னேரம் வரைக்கும் இங்க இருக்கணும்."

இருந்தோம். அவள் தும்மினால்கூட எனக்குத் தூக்கிப் போட்டது. மனைவி மலையிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

பின்னேரம் டாக்டர் திரும்பி வந்து நெஞ்சைக் கேட்டுவிட்டு, போத்தல்களைப் பார்த்தார். "இது யாரு?"

"எங்க அப்பா" என்றாள் சின்னவள்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "சரிதான்" என்றார். "பெரியவங்க படத்துக்குப் பயப்படுவாங்க. சின்னப்பிள்ள பயப்படாது. உயரத்துல வச்சுப் பூட்டுங்க. குடிக்கிற போத்தல்ல இதெல்லாம் ஊத்தாதீங்க. இப்ப வீட்டுக்குப் போகலாம்."

வீட்டுக்கு வந்தால் இஸ்தோப்பில் சிரட்டைகள் வைத்தபடியே இருந்தன. ஒன்றில் மண்ணெண்ணெய், ததும்பத் ததும்ப. சின்னவள் அதைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"அப்பாவுக்கு ஊத்துனேன். அப்பா குடிக்கவே இல்ல. நாத்தம்."

அன்றைக்கு என் மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "போத்தல்ல இருக்கிற அப்பாவுக்காவது புத்தி இருந்திச்சே."

இப்போது மண்ணெண்ணெய்க்குத் தனிக் கேன். மற்ற மருந்துகள் எல்லாம் வாங்கின போத்தலிலேயே, லேபிளோடு. எல்லாவற்றையும் ஒரு பலகைப் பெட்டிக்குள் வைத்து, சுவர் உச்சியில் அடித்துப் பூட்டியிருக்கிறோம். என் படம் ஒன்றை மூத்தவள் பெட்டிக் கதவில் ஒட்டினாள். பூட்டு சரியாக அதன் வாயில் தொங்குகிறது.

"அக்கா, அப்பா வாயில ஏன் பூட்டு?" என்று போன வாரம் சின்னவள் கேட்டாள்.

"டீச்சர் சொன்னதுல பாதிதான் கேட்டாரு" என்றாள் மூத்தவள். "படம் போடணும், அப்புறம் உயரத்துல பூட்டி வைக்கணும்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள பேனா எடுக்கப் போயிட்டாரு."