பத்துக்கு எத்தனை

வேலை தேடிய அந்தப் பதினோரு மாதத்தில் நான் அதிகம் எழுதியது விண்ணப்பம் இல்லை, ஒரே ஒரு கேள்வி. போனில் வரும் வேலை அறிவிப்பை அப்படியே நகலெடுத்து ஏஐயிடம் ஒட்டுவேன். அடியில், இந்த வேலையை நம்பலாமா, பத்துக்கு எத்தனை மார்க் போடுவாய் என்று கேட்பேன். அது மார்க் போடும், காரணமும் சொல்லும். ஏழுக்குக் கீழே வந்தால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். அந்தச் சட்டம் நானே போட்டுக்கொண்டது.

எங்கள் வீடு வெள்ளிமலைக்குப் பக்கத்தில். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி பி.காம். முடித்தேன். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டேலியும் கற்றுக்கொண்டேன். அப்புறம் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைக்கே வந்து, வேலை கிடைக்கிற வரைக்கும்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இரண்டு மாதம் அதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கமும் போய்விட்டது. பேர் என்ன என்று கேட்டால் பேரைச் சொல்வதுபோல அதையும் சொல்லப் பழகிவிட்டேன்.

சட்டத்துக்குக் காரணம் அப்பா. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு மேஸ்திரி மலைக்கு வந்தார். வெளியூரில் பெயிண்ட் அடிக்கிற வேலை, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உண்டு என்று சொல்லி அப்பாவையும் இன்னும் எட்டுப் பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வண்டி நின்றது ஆந்திரக் காட்டில். கையில் கொடுத்தது பிரஷ் இல்லை, கோடாலி. செம்மரம் வெட்டப் போன இரண்டாம் நாளே பிடிபட்டார்கள். அப்பா பதினான்கு மாதம் ஜெயிலில் இருந்தார்.

முதல் மூன்று மாதம் அவர் எங்கே இருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது. அம்மா கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஒவ்வொரு ஆபீஸாக ஏறினாள். எங்கே போனாலும் ஒரே கேள்விதான் கேட்டார்களாம். வந்து என்னிடம் சொல்வாள்: "வண்டி நம்பர் இன்னான்னு கேக்குறாங்க. வெள்ள வண்டின்னேன். எல்லா வண்டியும் வெள்ளதான்மான்னுட்டாங்க."

அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில், தீர விசாரிக்காமல் யாரும் எங்கேயும் வேலைக்குப் போகக் கூடாது என்று ஆகிவிட்டது. யாரிடம் விசாரிப்பது என்றுதான் தெரியவில்லை. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் ஆபீஸ் வேலைக்குப் போனதில்லை. அந்த இடத்தில்தான் இந்த ஏஐ வந்து உட்கார்ந்தது. எந்த நேரத்தில் கேட்டாலும் பதில் சொன்னது. என்னைவிட மரியாதையாகத் தமிழ் பேசியது.

எட்டு, ஒன்பது மார்க் வாங்கியதெல்லாம் பெங்களூரிலும் சென்னையிலும் இருந்த பெரிய கம்பெனிகள். இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள், சரளமான இங்கிலீஷ் கேட்டார்கள். அவற்றுக்கு நான் விண்ணப்பித்தேன். கடிதத்தையும் ஏஐதான் எழுதிக் கொடுத்தது. அதைப் படித்தால் எனக்கே என்னை வேலைக்கு எடுக்கத் தோன்றும். பதில் வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் தானாகவே வருகிற நன்றிக் கடிதங்கள். மலையில் மழை பிடித்த நாட்களில் படுத்துக்கொண்டே இருபது, முப்பது அறிவிப்புகளுக்கு மார்க் வாங்கியிருக்கிறேன். விண்ணப்பிப்பதைவிட மார்க் வாங்குவது சுலபம். அதில் யாரும் என்னை வேண்டாம் என்று சொல்வதில்லை, நான்தான் சொல்வேன்.

ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ, பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கணக்கு எழுத ஆள் தேவை, டேலி தெரிந்திருக்க வேண்டும், நேரில் வரவும், கீழே ஒரு செல் நம்பர். அவ்வளவுதான். கம்பெனி பெயர் இல்லை, ஊர் இல்லை, சம்பளம் இல்லை. போட்டோ எடுத்து ஏஐயிடம் காட்டினேன். அது இரண்டு மார்க் போட்டது. பெயர் இல்லாத நிறுவனம், முகவரி இல்லை, நேரில் அழைக்கிறார்கள், பெண் என்றால் தனியாகப் போக வேண்டாம் என்று வரிசையாகச் சொன்னது. நான் போகவில்லை.

அந்த நம்பர் எனக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் காலத்தில் சின்னசேலம் பக்கத்திலிருந்து எங்கள் காட்டு ஓரம் வரைக்கும் லாரி அனுப்புகிற, ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையின் நம்பர் அது. லாரியின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். அப்பாவின் போனில் 'சேகோ' என்று அதைப் பதிந்து கொடுத்தவளே நான்தான். மலையில் கிழங்கு போடுகிற எல்லா வீட்டுக்கும் தெரிந்த ஆலைக்குத் தாளில் பெயர் எதற்கு என்று ஒட்டியவர் நினைத்திருப்பார். இவ்வளவும் தெரிந்துதான் நான் ஏஐயிடம் கேட்டேன். கேட்கும்போது இதில் ஒரு வார்த்தைகூட அதனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

என்னோடு படித்த, பக்கத்து ஊர்ப் பெண் அந்த வேலைக்குப் போனாள். முதல் பஸ்ஸில் மலை இறங்கி நேராகப் போய் நின்றிருக்கிறாள். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார்களாம். ஒரு பில் போட்டுக் காட்டச் சொன்னார்களாம். திங்கட்கிழமையிலிருந்து வா என்றார்களாம். இப்போது கச்சிராயபாளையத்தில் அத்தை வீட்டில் தங்கிப் போய்வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழியில் பார்த்தபோது, "நீ இன்னும் அதுகிட்டயே கேட்டுக்கினு கீறியா?" என்று சிரித்தாள். கிண்டல்தான், அதில் விஷம் இல்லை. எனக்குப் பொறாமை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பல்லுக்கு மரப்பு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

வீட்டுக்கு வந்து, நீ இரண்டு போட்ட வேலை நிஜமான வேலை என்று அதனிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டது. அழகாகவே கேட்டது. அந்த ஆலை உங்களுக்குத் தெரிந்த ஆலை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றது. சண்டை போடலாம் என்று பார்த்தேன். அது சொன்னது சரியாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பதினோராவது மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஓசூர் பக்கம் எலக்ட்ரானிக் கம்பெனியில் பெண்களுக்கு வேலை, ஹாஸ்டல், சாப்பாடு உண்டு, வியாழக்கிழமை காலை வெள்ளிமலைக்கு வேன் வரும், ஆதார் நகலோடு வரவும். எந்த டிகிரி படித்திருந்தாலும் ஒரே வேலைதான், சின்னப் பலகையில் சின்னச் சின்னதாகப் பொருத்துவது. நான் படித்த படிப்புக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழக்க தோஷத்தில் ஏஐயிடம் ஒட்டினேன். மூன்று போட்டது.

அப்பா வாசலில் உட்கார்ந்து நடவுக்கு மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். ஜெயிலிலிருந்து வந்ததிலிருந்து அவர் பேச்சு கம்மி. இந்த மார்க் விஷயத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்னுதயும் அதுல போட்டுப் பாரு" என்றார்.

எதை என்று கேட்டேன். அந்த மேஸ்திரி சொன்ன வேலையை என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அத்தனை வருடம் கழித்தும் மேஸ்திரி சொன்னதை வரி மாறாமல் வைத்திருந்தார். பெயிண்ட் அடிக்கிற வேலை, ஊர் எது என்று போய்ச் சேர்ந்த பிறகு தெரியும், இங்கே கிடைக்கிற கூலியைவிட மூன்று மடங்கு, ஒன்பது பேரும் ஒரே வண்டி, ரேஷன் கார்டை மேஸ்திரியிடம் கொடுத்துவிட வேண்டும், வீட்டில் யாருக்கும் விவரம் சொல்ல வேண்டாம். கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்ததுபோல இருந்தது. பத்துக்கு ஒன்று. காரணங்கள் ஒரு பக்கத்துக்கு நீண்டன. கடைசியில், எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம் என்று இருந்தது. இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்திருந்தால் போதுமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"இன்னாம்மா சொல்லுது?"

"போவாதன்னு சொல்லுதுப்பா."

தலையை ஆட்டினார். பிறகு, "அது எனக்கும் அப்பவே தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நாங்கள் இத்தனை வருடமும் அப்பா ஏமாந்துபோனார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஊரும் அப்படித்தான் சொன்னது. அதை நம்பித்தான் நான் பதினோரு மாதம் ஒவ்வொரு தாளையும் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன்.

"தெரிஞ்சிக்கினு ஏம்ப்பா போன?"

நறுக்கிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டே சொன்னார். "வேற யாரும் கூப்புடலயே."

அவ்வளவுதான் சொன்னார். கட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். நான் போனில் இருந்த அந்த ஒரு மார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஏஐ அவர் கையில் இருந்திருந்தாலும் அவர் போயிருப்பார். அது எனக்கு வலித்தது. பல மாதம் கழித்து எனக்கு ஏதோ ஒன்று வலித்தது அப்போதுதான்.

என்னையும் வேறு யாரும் கூப்பிடவில்லை. ஆனால் எனக்குப் போன் இருந்தது. மூன்று மார்க்குக்கு ஏஐ சொன்ன காரணங்களையே கேள்விகளாக மாற்றி, செய்தி அனுப்பிய, ஆள் எடுக்கிறவரிடம் போனில் கேட்டேன். கம்பெனி பெயர் சொன்னார், ஹாஸ்டல் நம்பர் கொடுத்தார். ஹாஸ்டலுக்குப் பேசியபோது எங்கள் மலையைச் சேர்ந்த கரியாலூர்ப் பெண் ஒருத்தி போனை எடுத்து, சாப்பாடு சுமார், வேலை நிஜம் என்றாள். அதையெல்லாம் திரும்ப ஏஐயிடம் சொன்னேன். ஆறு போட்டது. ஏழு வரவில்லை. போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை வேன் வந்தது. அதுவும் வெள்ளை வண்டிதான். அம்மா என் பையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா டிரைவரிடம் எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்தார். பிறகு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எண்கள் எழுத ஜெயிலில்தான் கற்றுக்கொண்டார். இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நம்பர் பலகையைப் பார்த்துப் பார்த்து, எழுத்தைப் படமாக வரைந்து எண்ணை எண்ணாக எழுதி, உள்ளங்கை முழுக்க நிரப்பிக்கொண்டார். மற்றப் பெண்கள் ஏறிவிட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா நிதானமாக இரண்டாவது தடவையும் சரிபார்த்த பிறகுதான் நகர்ந்தார்.

ஓசூர் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. சாப்பாடு சுமார்தான், வேலை நிஜம்தான். நாள் முழுக்க நின்றுகொண்டே பொருத்துகிறேன், மாலையில் கால் மட்டும் எனக்கு இருப்பது தெரிகிறது. அறிவிப்பு பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒட்டிப் பார்க்கிறேன்.

போன வாரம் வீட்டுக்குப் பேசியபோது, பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தோம் என்று அம்மா சொன்னாள். அடுப்படிப் பக்கம் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் அப்பா அடிக்க விடவில்லையாம். அங்கேதான் அந்த வேன் நம்பரைக் கரியால் எழுதி வைத்திருக்கிறாராம். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து இத்தனை மாதம் ஆகிவிட்டதே, இன்னும் எதற்கு என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"அவ வூட்டுக்கு வந்து சேரட்டும், அப்பறம் அடிக்கலாம்னுட்டாரு" என்றாள்.