வெள்ளிக்கிழமை வந்த முப்பது மாடுகள்

மதுரையில் படிக்கிற பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். நேற்று தன் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகத்துக்கு அட்டை போடப் பசை காய்ச்சினாள். பசை ஆறும்வரை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் படித்த ராயப்பன்பட்டியில் எங்கள் உபாத்தியாயர் வருஷத்துக்கு ஒரு காலம்தான் நடத்துவார். முதல் வருஷம் நிகழ்காலம், மறு வருஷம் இறந்தகாலம். எதிர்காலத்துக்கு வருமுன் அவருக்குக் கண்டியில் உத்தியோகம் கிடைத்துப் போய்விட்டார். இரண்டு காலங்களோடு என் படிப்பும் நின்றது.

அந்த இரண்டை வைத்துக்கொண்டு எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்தவனைக்கூட ஊரில் வழிவிட்டு நின்று பார்ப்பார்கள். கூடலூரில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கிட்டங்கி இருந்தது. தோட்டம் மலைமேல், துரையும் அங்கேதான். கூலிகளுக்கு வேண்டிய அரிசி கீழே எங்கள் கிட்டங்கியில் சேர்ந்து, பொதிமாடுகள் முதுகில் மலையேறும். நான் வாரம் ஒரு கடிதம் எழுதி, உறைக்கு இதே மாதிரிப் பசை தடவி, தபால் கொண்டுபோகிறவனிடம் கொடுக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

எதிர்காலம் தெரியாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. வரப்போவதையும் வந்ததாகவே எழுதிவிடுவேன். எப்படியும் வரத்தானே போகிறது!

மாடுகள் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவருடையவை. ஐம்பது வயதிருக்கும். வாக்குக் கொடுத்தால் மழையானாலும் காய்ச்சலானாலும் வந்து நிற்கிற மனிதர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். ஒரு திங்கட்கிழமை வந்து, வருகிற வெள்ளிக்கிழமை முப்பது மாட்டில் அரிசி ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னார். துரைக்கு எழுதினேன். 'வெள்ளிக்கிழமை ராவுத்தர் முப்பது மாடுகளோடு பங்களாவுக்கு வந்தார்.' இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் கிடையாது.

துரை அதைப் புதன்கிழமை படித்தார். போன வெள்ளிக்கிழமை பங்களாவுக்கு ஒரு கன்றுக்குட்டிகூட வரவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பது மாடும் அரிசியும் வழியில் எங்கோ மறைந்துவிட்டதாக முடிவு செய்து, காட்டுக்குள் ஆட்களை அனுப்பினார். அவர்கள் இரண்டு நாள் தேடி ஒரு புலித்தடத்தையும் ஒரு பழைய மாட்டுமணியையும் கொண்டுவந்தார்கள். அந்தக் காட்டில் எந்த நாள் தேடினாலும் இரண்டும் கிடைக்கும். ஒரே புலி முப்பது மாட்டையும் மூட்டை அரிசியையும் தின்றிருக்காது என்று துரை யோசித்தார். மிச்சம் திருட்டுத்தான். தோட்டத்து முத்திரை போட்ட மூட்டையோடு யார் வந்தாலும் பிடிக்கச் சொல்லிக் காவல்காரர்களைப் பாதையில் நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை, சொன்ன வாக்குப்படி, ராவுத்தர் முப்பது மாடுகளோடு மலையேறினார். பிடித்துவிட்டார்கள்.

காப்பிக்கொட்டை காயப்போடும் களத்துக் கொட்டகையில் அவரை உட்காரவைத்து, திங்கட்கிழமை போலீஸில் ஒப்படைப்பதென்று ஏற்பாடு. மாடுகள் கண்ணெதிரே நிற்கின்றனவே என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். துரை என் கடிதத்தைக் காட்டி, இது இந்த வாரத்து முப்பது, போன வாரத்து முப்பது எங்கே என்று கேட்டிருக்கிறார். இல்லாத மாடுகளுக்கு எந்த மனிதனால் பதில் சொல்ல முடியும்?

ராவுத்தரைப் பிடித்துவைத்திருப்பதாகச் சொல்லிச் சனிக்கிழமை காலை எனக்கு ஆள் வந்தது. சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தலைப்பாகையை நன்றாகக் கட்டிக்கொண்டு போனேன். கொட்டகையில் ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் புழுதி. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காத கண். என்னைப் பார்த்ததும் அவர் திட்டவில்லை.

"மாப்ள, நான் வரப்போறேன்னுதான ஒங்ககிட்டச் சொன்னேன். நீங்க என்னன்னு எழுதுனீக?" என்று மட்டும் கேட்டார்.

துரை முன்னால் போய் நின்று, தவறு என்னுடையது, எனக்கு எதிர்காலம் தெரியாது என்று தமிழில் சொன்னேன். துரைக்குத் தமிழ் ஓரளவு புரியும். உனக்கு மட்டுமல்ல, யாருக்குமே தெரியாது என்றார். ஏதோ தத்துவம் பேசுவதாக நினைத்துவிட்டார் போல. பிறகு சந்தேகம் வந்து, 'நாளை நான் வருவேன்' என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னார்.

"டுமாரோ ஐ கேம், சார்."

"அடுத்த மாசம்?"

"நெக்ஸ்ட் மந்த் ஐ கேம், சார்."

துரை எழுந்துபோய், இரண்டு வருஷமாக நான் எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்துவந்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு முறை கிட்டங்கிக் கூரை விழப்போகிறது என்பதை விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். கூரை விழுமுன்பே மூங்கிலும் ஆளும் வந்து இறங்கியபோது, துரைக்கு என்ன முன்யோசனை என்று நான் வியந்துபோனேன். என் மனைவி நாலு மாதமாக இருந்தபோது ஆண்பிள்ளை பிறந்துவிட்டதாக எழுதியிருந்தேன். துரை கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பினார். பிறந்தது பெண். படித்துக்கொண்டே அந்தக் கடிதத்துக்கு வந்ததும் துரை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

ராவுத்தரை உடனே விடச் சொன்னார். தானே கொட்டகைவரை நடந்துபோய் மன்னிப்பும் கேட்டார். என்னை வேலையைவிட்டு நீக்குவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு தாளில் 'வில்' என்று ஒரே ஒரு சொல் எழுதி, இதை வினைச்சொல்லுக்கு முன்னால் போடு என்றார். மூன்றாம் வருஷத்துப் படிப்பு அவ்வளவுதான் என்று தெரிந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கற்றதை ராவுத்தருக்காக எழுதிக்காட்டத் துடித்தேன். அவர் இடம் கொடுக்கவில்லை. "மாடு போய்ச் சேந்தபொறகு எழுதுங்க மாப்ள. ஒங்க இங்கிலீசுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்றுவிட்டார். கடைசிவரை அப்படித்தான்.

சில வருஷம் கழித்து, மக்காவுக்குப் புறப்படுமுன் கூடலூர் வந்தார். பயணம் போகிறவர்கள் எல்லோரிடமும் பிழை பொறுக்கக் கேட்டுக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். என்னிடமும் கேட்டார். "அன்னைக்குக் கொட்டகையில ஒக்காந்து ஒங்கள மனசுக்குள்ள வஞ்சுட்டேன். பொறுத்துக்கங்க." அவரைக் கட்டிப்போட்டது என் பேனா; மன்னிப்புக் கேட்பவர் அவர். போன இடத்திலேயே காய்ச்சலில் இறந்து, அங்கேயே அடக்கம் ஆனார் என்று மறு வருஷம் செய்தி வந்தது.

மாடுகளை அவர் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். துரை சீமைக்குப் போனார், தோட்டம் கை மாறியது. இப்போது அரிசி லாரியில் ஏறுகிறது. போன மாதம் கூடலூர் போயிருந்தபோது, பொதிமாடுகள் மலையேறிய பாதை எங்கே ஆரம்பிக்கும் என்று இரண்டு மூன்று பேரிடம் கேட்டேன். அப்படி ஒரு பாதை இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. நானே முட்செடிகளை விலக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்புவோம் என்று எனக்கும் மறந்துபோயிருந்தது.